மாத்தூருக்கு வந்த அந்தியூர்ப் பெட்டைக்குதிரை: ஓராண்டு அனுபவம்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் வாங்கிய கத்தியவார் பெட்டைக்குதிரை வடசென்னையில் உள்ள எங்கள் மாத்தூர் கொட்டகைக்கு வந்து ஓராண்டு ஆகிறது. காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் இனம். சந்தைக்கு வந்தவர்கள் நெற்றியிலும் மார்பிலும் சுழி தேடினார்கள். எனக்குச் சுழியில் நம்பிக்கை இல்லை. பல்லையும் குளம்பையும் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனால் மாதவரம், மணலி வட்டாரத்தில் குதிரை வளர்க்க நினைப்பவர் அதைக் கட்டப்போகும் தெருவையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கன்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் ஓடும் ஊர் இது.

முதல் தலைவலி தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த குதிரைக்கு, லாரித் தண்ணீரின் குளோரின் வாடை பிடிக்கவில்லை. மேலுதட்டை மட்டும் நனைத்துக்கொள்ளும், மூக்கைச் சிலுப்பும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குதிரைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 45 லிட்டர் வேண்டும். குறைந்தால் குடலில் லத்தி இறுகி வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் வயிற்றுவலியை லேசாக நினைக்கக் கூடாது. தண்ணீரை முந்தைய நாளே பிடித்துத் திறந்து வைத்தோம். சிறிது வெல்லம் கரைத்தோம். குடிக்கத் தொடங்கியதும் வெல்லத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிட்டோம். பழைய தீவனத்திலும் ஒரு மூட்டை கூடவே கொண்டுவந்து, புதியதை நாளுக்கு நாள் கூட்டிக் கலந்தோம். லாரி வாடகையை யோசிப்பவர்கள் இந்த மூட்டையைத்தான் முதலில் மறப்பார்கள்.

பழகுவதற்கு வெல்லக்கட்டியை நீட்டுவது எல்லோரும் சொல்லும் வழி. ஜட்கா ஓட்டிய குடும்பத்தைச் சேர்ந்த புளியந்தோப்பு பாய் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "கையில் தின்பண்டம் காட்டாதீர்கள் தம்பி, நாளைக்கு அது உங்கள் விரலைத் தேடும்" என்றார். அவர் சொன்னபடி, ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே வரிசை என்று வைத்துக்கொண்டேன்: தண்ணீர், புல், தேய்ப்பு, பிறகு ஊறவைத்த கொள்ளு. தேய்க்கும்போது பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் விரல் நகத்தால் அழுத்திச் சொறிய வேண்டும். குதிரைகள் ஒன்றையொன்று கடித்துச் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பு குறைகிறது. கழுத்தை நீட்டி, கண்ணைப் பாதி மூடி, மேலுதட்டை ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு நிற்கும். இந்த முகம் வந்த பிறகுதான் முதுகில் சேணம் போட்டேன். அதற்குமுன் சவாரி பழக்கிக் காட்டுகிறேன் என்று வந்தவர்களை டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

வடசென்னையில் குதிரை வைத்திருப்பவருக்கு உண்மையான சோதனை சாவு ஊர்வலம். பறையும் சரவெடியும் எந்தத் திருப்பத்தில் எதிர்ப்படும் என்று யாருக்கும் தெரியாது. சத்தம் தூரத்தில் கேட்கும்போதே நிறுத்தி, அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிப் பார்க்க விடுவேன். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் அதற்குப் பார்வை கிடையாது. அதனால் தோளருகில் நின்றபடி பேசிக்கொண்டிருப்பேன். காது முன்னும் பின்னும் திரும்புவது நின்றால் நாலடி முன்னே. இல்லையென்றால் அங்கேயே நிற்பது. இப்போது பறைக்குக் காதை மட்டும் திருப்புகிறது. வெடிக்கு இன்னும் நடுங்குகிறது. தீபாவளி இரவுகளில் உள்கொட்டகையில் புல்லை நிறையப் போட்டு ஒருவர் கூடவே இருக்கிறோம்; வேறு வழி தெரியவில்லை.

வறண்ட ஊரிலிருந்து வரும் குதிரைக்குக் கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை சுரப்பதே நின்றுவிடலாம். கத்திரி வெயிலில் வேலை வாங்கிய பிறகும் உடல் காய்ந்தே இருந்து மூச்சு மட்டும் வாங்கினால், தண்ணீரை ஊற்றிக் குளிர்வித்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். எங்களுடையதுக்கு அது வரவில்லை. உப்புக்கட்டியைத் தொங்கவிட்டு, சவாரியை விடியற்காலைக்கு மாற்றியிருந்தோம்.

பெட்டைக்குதிரை என்பதால் ஒரு விஷயம். ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை சூடு, அதாவது இணைசேரும் பருவம், வரும்; அந்த ஐந்தாறு நாள் சிடுசிடுப்பும், சேணத்தின் வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது பல்லைக் காட்டுவதும் உண்டு. குணம் கெட்டுவிட்டது என்று அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காலண்டரில் குறித்துவைத்தாலே போதும். மழைக்காலத்தில் குளம்பின் அடியில் சேறு தங்கி அழுகல் வாடை வரும், தினமும் சுரண்ட வேண்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ ஆள் பிடிப்பதும் பெரும்பாடுதான்.

தீராத குறை ஒன்று இருக்கிறது. அந்தியூரிலிருந்து வந்த பயணத்துக்குப் பிறகு வண்டியில் ஏற மறுக்கிறது. வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வழியில்லாமல் மருத்துவரை வீட்டுக்கே வரவழைக்கிறோம், செலவு கூடுதல். வாடகை வேன் ஒன்றை வாரம் ஒருமுறை வாசலில் நிறுத்தி, சரிவுப்பலகையின் மேல் கொள்ளு வைத்துப் பழக்குகிறோம். இப்போதைக்கு முன்னங்கால்கள் ஏறுகின்றன.