ரிப்பேருக்கு வந்தவன் என் ஓவன் கன்ட்ரோல் போர்டையே எனக்கு 38,000க்கு வித்துட்டான், நீங்களாவது உஷாரா இருங்க

கை இன்னும் நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. பேக்கரி, கேட்டரிங், கேன்டீன்னு பெரிய கரண்ட் ஓவன் வச்சு பொழப்பு ஓட்டுறவங்க முழுசா படிங்க. டிஸ்ப்ளே ஃப்ரீஸ் ஆனா என்னென்ன பாக்கணும்னு கடைசியில வரிசையா எழுதறேன். 38,000 போச்சு எனக்கு. அதுவும் நேத்துதான் தெரிஞ்சுது எப்படி போச்சுன்னு.

எங்ககிட்ட இருக்கறது பத்து ட்ரே கன்வெக்ஷன் ஓவன், த்ரீ ஃபேஸ், முன்னாடி டச் பட்டன் வச்ச டிஸ்ப்ளே. போன மாசம் ஒருநாள் காலைல ரெண்டாவது லோடு போட்டுட்டு வந்து பாத்தா 214 டிகிரி, டைமர் 17:42, அப்படியே நிக்குது. டைமர் நடுவுல ரெண்டு புள்ளி மினுக்கும்ல, அதுகூட மினுக்கல. ஸ்டாப் அமுக்கறேன், ஒண்ணும் இல்ல. பவர் பட்டனை புடிச்சு அமுக்கறேன், ஒண்ணும் இல்ல. நானும் நின்னுடுச்சுன்னு நெனச்சுட்டேன், ஆனா உள்ள காத்தாடி ஓடுது, ஹீட்டர் எரியுது, கருகற வாசனை வந்தப்புறம்தான் ஓடிப்போய் சுவத்துல இருக்கற ஐசொலேட்டரை, அதான் ஓவனுக்கு வர்ற மொத்த கரண்டையும் நிறுத்தற மெயின் சுவிட்சை, இறக்குனேன். அரை மணி ஆறப்போட்டு திரும்ப போட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. சூடேறி முக்கால் மணி ஆனதும் மறுபடி அதே கதை. ஆறுனா ஓடுது, சூடானா நிக்குது. பிரச்சனை என்னன்னு ஓவனே சொல்லிடுச்சு, எனக்குத்தான் மண்டையில ஏறல.

ஓவன் வித்தவங்ககிட்ட கேட்டா ஆள் வர ஒரு வாரம் ஆகும்னாங்க. ஒரு வாரம் எப்படி காத்திருக்கறது, ஆர்டர் நிக்குதே. அதான் இந்த வீட்டுக்கு கடைக்கு எல்லாம் ரிப்பேர் ஆள் அனுப்புற ஆப் ஒண்ணுல புக் பண்ணேன். பேர் சொல்ல மாட்டேன், அந்த மாதிரி நாலஞ்சு இருக்கு, எல்லாம் ஒரே குட்டைல ஊறுன மட்டைதான். வெரிஃபைட்னு டிக் போட்டிருந்துச்சு, 4.8 ஸ்டார்.

வந்த பையன பாத்தா யாருக்கும் சந்தேகமே வராது. சும்மா சொல்லல. ஐசொலேட்டரை ஆஃப் பண்ணான், அது மேல டேப் ஒட்டுனான், யாரும் போட்றாதீங்கன்னு எங்க பசங்ககிட்ட சொன்னான், மீட்டர் வச்சு கரண்ட் இல்லன்னு பாத்தான், அப்பவும் பேனலைத் தொடல. "கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும்ணே, அஞ்சு நிமிஷம் போகட்டும்"னு சொல்லி சுவத்துல சாஞ்சு நின்னான் பாருங்க, அந்த அஞ்சு நிமிஷத்துலதான் நான் விழுந்தேன். தொழில் தெரிஞ்சவன்னு முடிவே பண்ணிட்டேன். தொழில் தெரிஞ்சவன்தான், அதான் வயித்தெரிச்சல்.

பேனலைத் திறந்து டார்ச் அடிச்சு போர்டுல ப்ரௌன் கலர்ல ஒரு கறைய காட்டுனான். "பாருங்கண்ணே, ப்ராசஸர், அதான் போர்டோட மெயின் சிப், அது பக்கத்துல கரிஞ்சிருக்கு. இனி இது தாங்காது." நானும் என்னமோ தெரிஞ்ச மாதிரி தலையாட்டுனேன், மொபைல்ல ஒரு போட்டோ எடுத்தேன். வீட்ல காட்டத்தான் எடுத்தேன், எவ்ளோ செலவுன்னு கேட்டா காட்ட ஏதாவது வேணும்ல.

புது போர்டு ஆப் வழியா போட்டா கமிஷன் எல்லாம் சேந்து ஏறும்ணே, நேரா அனுப்பிட்டா 38,000ல முடிச்சுத் தர்றேன்னான். அங்கேயே நின்னு அனுப்புனேன். முழுசா. அட்வான்ஸ்னு பாதிகூட இல்ல, மொத்தம் 38,000. பில்லு போர்டோட வரும்னான். போர்டைக் கழட்டி பையில போட்டுட்டு, பழச திருப்பிக் குடுத்தாதான் இந்த ரேட்டுன்னு சொல்லிட்டுப் போனான்.

மூணு நாள் கழிச்சு வந்தான். பபுள் கவர், அட்டைப்பெட்டி, பளபளன்னு போர்டு. மாட்டுனான், காலி ஓவனை பத்து நிமிஷம் ஓட்டிக் காமிச்சான், சூப்பரா ஓடுச்சு. பில்லு ஆபீஸ்ல இருந்து வந்துடும்னான். அப்ப நான் ஒண்ணு கவனிச்சேன், நான் சேவ் பண்ணி வச்சிருந்த 12 ப்ரோகிராமும் அப்படியே இருந்துச்சு. புது போர்டுல எப்படி தம்பி இருக்குன்னு கேட்டேன். "நானே காப்பி பண்ணி ஏத்திட்டேன்ணே, உங்களுக்கு கஷ்டம் வேணாம்னு." அதுக்கு நான் டீ வாங்கிக் குடுத்து அனுப்புனேன்யா அவனுக்கு.

மறுநாள் காலைல ரெண்டாவது லோடு. 209 டிகிரி. புள்ளி மினுக்கல.

போன் போட்டேன். லோடு ஜாஸ்தி போட்டிருப்பீங்கன்னான். அடுத்த நாள் வோல்டேஜ் பிரச்சனை, ஸ்டெபிலைசர் வைங்கன்னான். அதுக்கடுத்த நாள் வெளியூர்ல இருக்கேன்னான், அப்புறம் ரிங்கே போகல. ஆப்ல புகார் போட்டா முதல்ல மெஷின் பேசுது, உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுதுன்னு. அதுக்கு என்ன புரியும். அப்புறம் ஒரு அம்மா, அப்புறம் ஒரு சூப்பர்வைசர், அப்புறம் அவருக்கு மேல ஒருத்தர், ஒவ்வொருத்தர்கிட்டயும் 214 டிகிரில இருந்து ஆரம்பிச்சு சொல்லணும். கடைசியா வந்த பதில்: "சார், நீங்க பே பண்ணது எங்க ஆப்ல இல்ல, பார்ட்ஸுக்கு நாங்க பொறுப்பில்ல." சரி அந்த ஆள் நம்பராவது குடுங்கன்னா, அவர் இப்ப எங்க பார்ட்னர் இல்ல சார்ங்கறாங்க. போன வாரம் 4.8 ஸ்டார், இந்த வாரம் ஆளே இல்ல. 38,000 போன எனக்கு அடுத்த புக்கிங்ல தள்ளுபடின்னு ஒரு கூப்பன் அனுப்பி டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டாங்க. புகார் தீர்ந்துடுச்சாம், ரேட்டிங் குடுக்கணுமாம்.

நேத்து தெரிஞ்ச ஒருத்தர் மூலமா ஒரு பெரியவர் வந்தார், முப்பது வருஷமா இதே வேலை. பேனலைத் திறந்தார், போர்டு பக்கம் திரும்பவே இல்ல. உள்ள ஓரத்துல உள்ளங்கை அளவுக்கு ஒரு ஃபேன் இருக்கு, அத ஒரு விரலால தள்ளுனார். அசையல. "தம்பி, இது கடைசியா எப்ப சுத்துச்சு?" எனக்கு அப்படி ஒரு ஃபேன் இருக்கறதே தெரியாது. மாவுத்தூசியும் எண்ணெய் ஆவியும் சேந்து களிமண் மாதிரி இறக்கைக்கு நடுவுல இறுகிக் கெடந்துச்சு, ஸ்க்ரூட்ரைவர் வச்சு நெம்புனா கட்டியா பேந்து வருது. அடியில காத்து உள்ள வர்ற வலையும் அப்படித்தான் அடைச்சிருந்துச்சு. போர்டுல இருக்கற சிப்பெல்லாம் 70, 85 டிகிரி வரைக்கும்தான் தாங்கும், அதுக்காகத்தான் அந்த ஃபேன், அது நின்னா ஓவன் சூடு பின்னாடி ஏறி ப்ராசஸர் தடுமாறி நின்னுடும், ஆறுனா எழுந்துக்கும்னார். ஹீட்டர் ஏன் எரிஞ்சுதுன்னா, ப்ராசஸர் நின்ன நேரத்துல ரிலே, அதான் ஹீட்டரை ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச், எப்படி இருந்துச்சோ அப்படியே புடிச்சுட்டு நிக்குமாம். காலி ஓவனை பத்து நிமிஷம் ஓட்டுனா தெரியவே தெரியாது, அவனும் கரெக்டா பத்து நிமிஷம்தான் ஓட்டுனான்.

புது போர்டுன்னு சொல்லி ஏமாத்திட்டானேன்னு புலம்பிட்டே அந்த பழைய போட்டோவ காமிச்சேன். பெரியவர் கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு போட்டோவ பெருசாக்கி பாக்கறார், உள்ள பாக்கறார், மறுபடி போட்டோவ பாக்கறார். போட்டோல போர்டு மேல வெள்ளை ஸ்டிக்கர், வலது பக்க மூலை கிழிஞ்சு, அதுல பேனாவால ஒரு டிக். உள்ள மாட்டியிருக்கற "புது" போர்டுலயும் வெள்ளை ஸ்டிக்கர், வலது மூலை கிழிஞ்சு, அதே டிக். அந்த ப்ரௌன் கறை மட்டும் இல்ல. அது கரிஞ்சதே இல்லயாம், சால்டரிங் பண்ணும்போது ஒட்டுற பசை சூட்டுல நிறம் மாறினது, ஸ்பிரிட் வச்சு துடைச்சா போயிடும்னார். துடைச்சிருக்கான். பளபளப்பு அதான். எங்க மாடல்ல ப்ரோகிராம் மெமரியும் அதே போர்டுலதானாம், 12ம் எங்கயும் போகல, போர்டே மாறலயே.

என் போட்டோலயே அந்த ஃபேன் மாவு அப்பிக்கிட்டு தெளிவா தெரியுது. டார்ச் அடிச்சவனுக்குத் தெரியாமலா இருக்கும்.

ஃபேன் மாத்துனோம், வலைய கழுவுனோம். அதே போர்டு நேத்து சாயங்காலத்துல இருந்து லோடு மேல லோடா ஓடுது. அந்த ஃபேனுக்கு நான் குடுத்தது 38,000ல நூத்துல ஒரு பங்குகூட இல்ல.

சரி, சொன்ன மாதிரி எழுதிடறேன். டிஸ்ப்ளே நின்னா முதல்ல ஐசொலேட்டரை இறக்குங்க, டிஸ்ப்ளே நின்னுடுச்சுன்னா ஹீட்டரும் நின்னுடுச்சுன்னு நம்பாதீங்க. டைமர் ஓடுது பட்டன் மட்டும் வேலை செய்யலன்னா அது வேற, லாக் விழுந்திருக்கும் இல்ல டச் பேனல் போயிருக்கும், டைமரும் சேந்து நின்னாதான் போர்டு, சப்ளை, சூடு பக்கம் பாக்கணும். சூடானா மட்டும் நிக்குதுன்னா ஃபேனைப் பாக்கச் சொல்லுங்க, ஆனா பேனலை நீங்களா திறக்காதீங்க. போர்டைக் கழட்ட விடறதுக்கு முன்னாடி சீரியல் நம்பர் தெரியற மாதிரி போட்டோ எடுங்க. ஆப்புக்கு வெளிய ஒரு பைசா அனுப்பாதீங்க, பழைய போர்டைக் கைல வாங்காம விடாதீங்க, ரிப்பேர் முடிஞ்சா ஃபுல் லோடு போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க.

நியூட்ரல் லூஸ், ஃப்ளாட் கேபிள் பத்தியெல்லாம் எழுதணும்னு இருந்தேன், கஸ்டமர் கேர்ல இருந்து கால் வருது, இது அஞ்சாவது ஆள், மறுபடி 214 டிகிரில இருந்து ஆரம்பிக்கணும்.