கோணம் கல்லூரிக்குப் போவதா, லாப்டாப்பைத் திறப்பதா?

என் அக்கா மகன் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு நாகர்கோவிலில் ஒரு கான்டிராக்டரிடம் சைட் பார்க்கிறான். போன மாதம் லாப்டாப்போடு வந்து நின்றான். "மாமா, பில்டிங் கண்ட்ரோல்னு ஒரு இங்கிலாந்து டிகிரி. வீட்டில இருந்தே படிக்கலாம். இதுக்குப் போகவா, பி.ஈ. சேரவா?"

கட்டடம் விதிப்படி எழும்புகிறதா என்று நேரில் வந்து பார்க்கும் ஆய்வாளர் வேலைக்கான பட்டம் அது. அந்த வேலையே நம்மூரில் கிடையாது. இங்கிலாந்தில் ஒருவர் வீடு கட்டினால் கட்டட ஆய்வாளர் பலமுறை வந்து பார்ப்பார்: அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியதும், சுவரில் ஈரம் ஏறாமல் தடுப்பு வைத்ததும், கழிவுநீர்க் குழாயை மூடும் முன்பும், எல்லாம் முடிந்த பின்பும். இங்கே 2024 ஜூலையிலிருந்து 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட, விதிப்படி கட்டுவேன் என்று நாமே தரும் சுயசான்று போதும். ஆன்லைனில் விண்ணப்பித்துப் பணம் கட்டினால் அனுமதி வந்துவிடுகிறது. அதன் பிறகு கட்டுவது சரியா என்று பார்ப்பவர் கொத்தனார்தான். அவரையும் விட்டால், நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வீட்டுத் தாத்தா.

அங்கே இந்த வேலைக்கு மதிப்புக் கூடியதற்குக் காரணம் ஒரு தீ. 2017 ஜூனில் லண்டன் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்தார்கள். 2022இல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2024 ஏப்ரலிலிருந்து ஆய்வாளர்கள் பதிவு செய்துகொள்வது கட்டாயமாயிற்று. அந்தப் பதிவு பட்டத்தை மட்டும் பார்த்துத் தருவதில்லை. வேலைத் திறனையும் சோதிக்கிறார்கள். அந்தத் திறனுக்கான அனுபவம் அங்கே போய் வேலை பார்த்தால்தான் கிடைக்கும். விசா இல்லாமல் பட்டம் மட்டும் கையில் இருந்தால் பாதி வழியில் நிற்க வேண்டியதுதான்.

ஆனால் படிப்பு பொய்யல்ல. 1919இல் தொடங்கி இங்கிலாந்தின் ரெடிங் நகரிலிருந்து இயங்கும் ஒரு கல்வி நிறுவனம் இதை ஆன்லைனிலேயே நடத்துகிறது. பகலில் சைட், ராத்திரி பாடம் என்று ஓட்டலாம். அவர்களுடைய மாலை 6 மணி நமக்குக் குளிர்காலத்தில் இரவு 11.30. காலையில் கான்கிரீட் போட வேண்டிய நாளில் அது எப்படி இருக்கும் என்று அவனே யோசித்துக்கொள்ளட்டும்.

பி.ஈ. பக்கம் வசதி குறைவு. நாகர்கோவில் கோணத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. டிப்ளமோவை வைத்து நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆனால் 3 வருடம் சம்பளம் போச்சு. திருநெல்வேலியில் பகுதிநேரமாகப் படிக்கலாம் என்றால் போக மட்டும் 80 கிலோமீட்டர். அஞ்சல் வழி பி.ஈ. என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பவே வேண்டாம். அப்படி வாங்கிய பட்டங்களின் மீது உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரிலேயே கை வைத்துவிட்டது.

அப்புறம், பாடம். இங்கிலாந்துப் பட்டத்தில் தீத்தடுப்பு, வெப்பம் வெளியேறாத சுவர், சக்கர நாற்காலி போகும் வாசல் எல்லாம் விரிவாக வரும். தீத்தடுப்பை நம் கல்லூரிகள் இவ்வளவு அக்கறையாகச் சொல்லித் தருவதில்லை என்பது என் குறை. ஆனால் முட்டத்திலோ குளச்சலிலோ கடலோரமாக வீடு கட்டுகிறவனுக்கு எதிரி உப்புக்காற்று. அங்கே எம் 30 தரக் கான்கிரீட், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் (கவர்) என்று நம் நாட்டுக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 சொல்வதைப் படித்திருக்க வேண்டும். பத்தே வருடத்தில் சன்ஷேடு வெடித்துக் கம்பி பல்லைக் காட்டும் வீடுகளை மணக்குடிப் பக்கம் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

"ஊரிலேயே இருந்து பிளான் போட்டுக் கையெழுத்துப் போடப் போறியா? அப்ப பி.ஈ. இங்கிலாந்துக்கே போறதுன்னா அந்த ஆன்லைன் பட்டம். ரெண்டும் வேணும்னா முதல்ல பி.ஈ.," என்றேன்.

"வளைகுடாவுக்குப் போனா, மாமா?"

அதற்கும் பி.ஈ.தான் என் கட்சி. அங்கே நம்மூர்ப் பையன்களை எடுப்பவர்கள் முதலில் கேட்பது சிவில் பட்டமும் சைட் அனுபவமும். இங்கிலாந்து நிறுவனங்களின் கிளைகளில் வேண்டுமானால் மற்றது கொஞ்சம் எடுபடலாம்.

பையன் இன்னும் முடிவு சொல்லவில்லை. வெளிநாடு போக எழுதும் ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுக்கான புத்தகம் ஒன்று வாங்கி வைத்திருப்பதாக அக்கா சொன்னாள்.