வளவுக்குள் எந்தக் கார்ட்லெஸ் மைக் சரிப்படும்?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் மண்டபம் பிடிக்காமல் சொந்த வீட்டிலேயே கல்யாணமோ மணிவிழாவோ வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சமையலையும் மேளத்தையும் மாதக்கணக்கில் யோசித்து முடிவு செய்கிறவர்கள், மைக்கை மட்டும் "ரெண்டு கார்ட்லெஸ் போட்டுருங்க" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். எந்தக் கார்ட்லெஸ் என்று யாரும் கேட்பதில்லை. கடையில் கிடைப்பது, ஓடுகிற ரேடியோ அலைவரிசையை வைத்து, மூன்று வகை. நீள ஏரியலை இழுத்துவிடும் மலிவான விஎச்எஃப் ஜோடி, சட்டையில் மாட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் குட்டி மைக், கட்டைக் கொம்பு (ஏரியல்) வைத்த யூஎச்எஃப். ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் வைத்துப் பார்த்தால் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். வளவில், அதாவது செட்டிநாட்டு வீட்டின் நடு முற்றமும் அதைச் சுற்றிய தூண் வைத்த தாழ்வாரமும் சேர்ந்த இடத்தில், நன்றாகவே தெரியும்.

காரணம் வீடுதான். தரை ஆத்தங்குடி டைல்ஸ். சுவர் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடி மாதிரி தேய்த்தது. தூண் பர்மாத் தேக்கு. இவற்றில் எதுவும் சத்தத்தை உறிஞ்சாது, திருப்பி அனுப்பும். நடுவில் வானம் பார்த்த முற்றம் இருப்பதால் கொஞ்சம் வெளியே போகிறது, அவ்வளவுதான். இது ஒலியின் கதை. ரேடியோ அலைக்கு வேறு கதை. முன்பக்க முகப்புக்கும் வளவுக்குப் பின்னால் வரும் இரண்டாம் கட்டுக்கும் நடுவே கனத்த சுவர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடுகள் இவை. பெட்டியில் அச்சடித்த 'நூறு மீட்டர்' என்பது வெட்டவெளியில் நடுவே ஆளே இல்லாதபோது கிடைக்கும் தூரம்.

முதல் நாள் மாலை காலி வீட்டில் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' சொல்லிப் பார்ப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. காலி வீட்டில் எதிரொலி அதிகம், அதனால் சத்தம் மோசமாகக் கேட்கும். ரேடியோ மட்டும் அருமையாக வேலை செய்யும். மறுநாள் ஜனம் வந்ததும் இரண்டும் தலைகீழாகிவிடும். உடம்பும் உடுப்பும் சத்தத்தை உறிஞ்சுவதால் பேச்சு தெளிவாகும். மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால் அதே கூட்டம் ரேடியோ அலையையும் விழுங்கிவிடும். அதனால் காலி வீட்டில் மைக் கட் ஆகவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மூன்று வகையையும் பிரித்துப் பார்க்க, கூட்டம் வந்தபின் எது தாங்கும் என்பதுதான் சரியான கேள்வி.

விஎச்எஃப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 200 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஓடுவது. அலை நீளம் என்பதால் சுவரையும் கூட்டத்தையும் ஓரளவு நன்றாகவே தாண்டும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சில ஆயிரம் ரூபாய்க்கு வரும் ஜோடிகளில் அலைவரிசை தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டது, மாற்ற முடியாது. எதிர்வீட்டு விசேஷத்திலும் அதே செட் இருந்தால் அவர்கள் வீட்டு வரவேற்புரை உங்கள் வளவில் கேட்கும். இன்னொரு தொல்லை விளக்கு. சீரியல் செட், எல்ஈடி பலகை, ஜெனரேட்டர் இவை கிளப்பும் மின் இரைச்சல் இந்த அலைவரிசைப் பட்டையில்தான் அதிகம் ஏறும். விளக்கைப் போட்டதும் மைக் கரகரப்பது இதனால்தான். மார்கழிப் பாடல் போட்டிக்கோ, தெருமுனை அறிவிப்புக்கோ போதும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் குட்டி மைக்குகளைத்தான் இப்போது எல்லோரும் விரும்புகிறார்கள். ரோட் கம்பெனியின் வயர்லெஸ் கோ 2019இல் வந்தபிறகு வீடியோ எடுப்பவர்கள் கையில் இது சாதாரணமாகிவிட்டது. டிஜேஐ, ஹாலிலேண்ட் என்று அப்புறம் வரிசை கட்டின. இதற்கு அலைவரிசை தேட வேண்டாம், பெட்டியிலிருந்து எடுத்ததும் இரண்டு துண்டும் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும். ஒலியும் சுத்தம். டிஜேஐ மைக், ரோட் வயர்லெஸ் கோ 2 போன்றவை சட்டையில் மாட்டிய துண்டிலேயே தனியாகப் பதிவும் செய்துகொள்ளும். நடுவில் ரேடியோ அறுந்தாலும் பதிவு முழுசாக இருக்கும். திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்தில் பெரியவர்கள் பேசுவதை வீடியோவுக்குப் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் இதை ஆம்ப்ளிஃபையரில் செருகி வளவு முழுக்கக் கேட்க வைக்கலாம் என்று நினைத்தால் வம்பு. 2.4 என்பது வைஃபையும் ப்ளூடூத்தும் குடியிருக்கும் பட்டை. ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் அதில் வைஃபை சானல் மூன்றுதான் கொள்ளும்: 1, 6, 11. முந்நூறு விருந்தாளிகள் முந்நூறு போனோடு வந்து, அதில் பாதிப் பேர் ஹாட்ஸ்பாட் போட்டால் மைக்குக்கு என்ன மிஞ்சும்? அலையும் குட்டை, 12.5 சென்டிமீட்டர்தான். நெஞ்சில் மாட்டியவர் திரும்பி நின்றால் அவர் முதுகே தடுப்புச் சுவர். கூட்டம் தடுத்தால் 2.4தான் முதலில் விழும்.

இதே சாயலில் கடையில் தொங்கும் ப்ளூடூத் கரோக்கி மைக்கை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சாதாரண ப்ளூடூத் வழியாக ஒலி போனால் பத்தில் ஒரு பங்கு நொடி, சமயத்தில் அதற்கு மேலும் பிந்தும். தன் குரல் பின்னாலேயே ஓடி வருவதைக் கேட்டபடி யாராலும் வாழ்த்துரை சொல்ல முடியாது.

சரி, யூஎச்எஃப். ஷூர், சென்ஹைசர், நம்மூர் அகூஜா என்று எல்லா விலையிலும் இருக்கிறது. நல்லது வேண்டுமென்றால் இருபதாயிரத்தைத் தாண்டிப் போகும். 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் அரை மீட்டர். கூட்டத்தை 2.4ஐவிட நன்றாகச் சுற்றிக்கொண்டு போகும், கொம்பும் 12 சென்டிமீட்டர் அளவில் அடங்கிவிடும். அலைவரிசையை மாற்றலாம் என்பது பெரிய வசதி. மைக்கின் அலையைப் பிடிக்கும் பெட்டியான ரிசீவரில் இரண்டு கொம்பு இருப்பது அழகுக்கு இல்லை. சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையோடு மோதி ஓரிடத்தில் அணைந்துபோகும். ஒரு கொம்பு அந்தக் குழியில் விழுந்தாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். இப்படிச் சுவரும் தூணுமான வீட்டுக்கு ஒற்றைக் கொம்பு ரிசீவரை வாங்கவே கூடாது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது பின்பக்கம் அச்சடித்த அலைவரிசை. சிங்கப்பூரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்த பழைய செட் என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். அமெரிக்காவில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் மைக் பயன்படுத்துவதை 2010இலேயே தடை செய்துவிட்டார்கள், அப்படி ஒதுக்கப்பட்டவை கைமாறி வருவதுண்டு. இங்கும் 2022 ஏலத்தில் அந்தப் பட்டையை ஜியோ நாடு முழுக்க எடுத்திருக்கிறது. 800, 900இலும் செல்போன்தான். 500களில் வேலை செய்யும் செட்டைக் கேட்டு வாங்குங்கள். தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக் கோபுரங்கள் பெரும்பாலும் மூடப்பட்டபின் அங்கே நெரிசல் குறைந்திருக்கிறது.

இரண்டு மைக்குக்கு மேல் போனால் ஒரு கணக்கு வரும். 600, 601, 602 என்று சம இடைவெளியில் வைத்தால் ஒழுங்காகத் தெரியும், ஆனால் அதுதான் மோசம். இரண்டு மைக் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது ஒன்றின் இரட்டிப்பிலிருந்து மற்றதைக் கழித்த இடத்தில் ஒரு போலி அலை பிறக்கும். 601ஐ இரட்டித்து 600ஐக் கழித்தால் 602. நேராக மூன்றாவது மைக்கின் தலையில். ரிசீவரிலேயே 'குரூப்', 'சானல்' என்று கம்பெனிக்காரர்கள் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். எல்லா மைக்குக்கும் ஒரே குரூப், வெவ்வேறு சானல் என்று வைத்தால் போதும். காலி அலைவரிசையைத் தேடும் பொத்தானை அமுக்கும்போது உங்கள் மைக்குகள் அணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ரிசீவர் உங்கள் மைக்கையே எதிரியாக எண்ணி ஒதுங்கும்.

காலர் மைக்கா, கையில் பிடிப்பதா என்பது தனிச் சண்டை. வளவில் என் ஓட்டு கையில் பிடிப்பதற்குத்தான், அதில் தயக்கமே இல்லை. நெஞ்சில் மாட்டும் மைக் வாயிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. கையில் பிடிப்பது 5 சென்டிமீட்டர். தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் குரல் 6 டெசிபல் குறையும், ஆக 12 டெசிபல் போச்சு. அதை ஈடுகட்ட மிக்ஸரில் ஏற்றினால் எதிரொலியும் சேர்ந்து ஏறும். காலர் மைக்கில் பெரும்பாலானவை எல்லாப் பக்கமும் கேட்பவை வேறு. ஊய்ய்ய் என்று ஊளையிடத் தொடங்கிவிடும். கையை விட்டுப் பேச வேண்டியவருக்குக் கன்னத்தை ஒட்டிய ஹெட்செட் மைக் கொடுக்கலாம். கையில் பிடிப்பவரிடம் இரண்டே வார்த்தை: வலைத்தலையைப் பொத்தாதீர்கள், அடிவாலைப் பொத்தாதீர்கள். தலையைப் பொத்தினால் ஊளை, வாலைப் பொத்தினால் உள்ளிருக்கும் கொம்பு மூடிப்போய்க் கட்.

எந்த வகை வாங்கினாலும் ரிசீவரைத் தவறான இடத்தில் வைத்தால் பணம் வீண். நம்மூர் வழக்கம் ஆம்ப்ளிஃபையர், மிக்ஸர், ரிசீவர் எல்லாவற்றையும் கண்ணில் படாமல் இரண்டாம் கட்டில் ஓர் அறையில் அடுக்குவது. மிக்ஸர் அங்கேயே இருக்கட்டும். ரிசீவரை மட்டும் வளவு ஓரம், ஆள் உயரத்துக்கு மேலே, மணவறை தெரியும்படி வையுங்கள், பேசுபவரை ஒட்டி வேண்டாம், மூன்று மீட்டராவது தள்ளி. இரண்டு கொம்பையும் 'வி' போல விரியுங்கள். அங்கிருந்து மிக்ஸருக்கு எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை மைக் வயர்) இழுத்துக்கொள்ளலாம், வீட்டு நீளத்துக்கு இழுத்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. கொம்பின் வயரை நீட்டினால்தான் சிக்னல் வழியிலேயே வற்றும். இரும்புப் பீரோ மேல் வைப்பதும், வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பதும் கூடாது.

ஸ்பீக்கர் பாக்ஸ் வைப்பதிலும் ஒரு வார்த்தை. கார்ட்லெஸ் கையில் வந்ததும் பேசுபவர் நடப்பார், நடந்து பாக்ஸுக்கு முன்னாலேயே போய் நிற்பார், ஊளை கிளம்பும். இரண்டு பெரிய பாக்ஸை அலறவிடுவதைவிடப் வளவை ஒட்டிய மேடான பட்டாலைத் தூண்களோடு நாலைந்து சிறியதைக் குறைந்த சத்தத்தில் கட்டினால் இந்தத் தொல்லையும் எதிரொலியும் குறையும். மேளத்துக்கு மைக்கே வேண்டாம். நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் வளவு போதாமல்தான் இருக்கும்.

பேட்டரி கடைசி. 1948இல் அழகப்பச் செட்டியார் நிலம் கொடுத்து அடிக்கல் நாட்டப்பட்ட மின்வேதியியல் ஆய்வகம் பேட்டரி ஆராய்ச்சி செய்யும் காரைக்குடிப் பக்கம் இருந்துகொண்டு, விசேஷ நாளில் பெட்டிக்கடையில் கிடைத்த ஏதோ ஒரு செல்லைப் போடுவது அநியாயம். ஆல்கலைன் 1.5 வோல்ட், சார்ஜ் செய்யும் நிக்கல் செல் 1.2 வோல்ட். இரண்டாவதைப் போட்டால் மைக்கின் பேட்டரிக் கோடு ஆரம்பத்திலேயே குறைத்துக் காட்டக்கூடும், பயப்பட வேண்டாம். ஆனால் தீரும்போது சொல்லாமல் பொசுக்கென்று தீரும். முகூர்த்தத்துக்கு முன்னால் புது ஆல்கலைன் போட்டுவிடுவது நிம்மதி.

யாருக்கு எது என்றால், வீட்டில் ஒரு விசேஷம், வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்றால் மைக்செட்காரரிடம் "அண்ணே, யூஎச்எஃப்தானே, ரெட்டைக் கொம்பா, எந்த மெகாஹெர்ட்ஸ்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் என்றாலே பாதி வேலை முடிந்தது. வீடியோக்காரர் தன் 2.4ஐத் தனியாக வைத்துக்கொள்ளட்டும், அதை ஹால் பாக்ஸில் கொடுக்கச் சொல்லாதீர்கள். சபை, கோயில், பள்ளி என்று வருஷம் முழுக்கப் புழங்குகிற இடம் என்றால் மலிவான விஎச்எஃப்பை மாற்றி மாற்றி வாங்குகிற காசில் ஒரு நல்ல யூஎச்எஃப் வாங்கலாம். ஒரே இடத்தில் நின்று பேசும் பட்டிமன்றம், சொற்பொழிவு, கம்பன் விழா மாதிரி மேடைக்குக் கார்ட்லெஸே தேவையில்லை. வயர் மைக்குக்கு அலைவரிசையும் இல்லை, பேட்டரியும் இல்லை. வீட்டு விசேஷத்திலும் அவசரத்துக்கு அப்படி ஒரு வயர் மைக்கை மிக்ஸரில் செருகி, சத்தம் பார்த்து, ஸ்டாண்டோடு மணவறை ஓரம் நிறுத்திவையுங்கள்.