கிளிஞ்சல் குருணை: தோல்முட்டைக்கு வாங்கலாமா?

தீவனக் கடைகளில் கிலோ கணக்கில் கிடைக்கும் கிளிஞ்சல் குருணை, வீட்டுக் கோழிகளின் தோல்முட்டைக்கு, அதாவது ஓடு கட்டாமல் தோலோடு விழும் முட்டைக்கு, கால்சியம் டானிக்கை விட நல்ல மருந்து. ஆனால் மாவாக அரைத்ததை வாங்காதீர்கள். 2 முதல் 5 மில்லிமீட்டர் சில்லுகளாக இருக்க வேண்டும். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஓடு பெரும்பாலும் இரவில்தான் கட்டுகிறது. சில்லு கோழியின் அரைப்பையில் (தீனியை அரைக்கும் இரைப்பை) தங்கி மெல்லக் கரையும். மாவு பொழுது விடிவதற்குள் குடலைக் கடந்துவிடும்.

தரம் பார்க்க நாலு சில்லை வினிகரில் போடுங்கள். நன்றாக நுரைத்துக் கரைந்தால் சரி. அடியில் மணல் நின்றால் கலப்படம்.

தீவனத்தோடு கலக்க வேண்டாம். தனிக் கிண்ணத்தில், மழை படாத இடத்தில், மாலையில் நிரப்பி வையுங்கள். வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். முட்டைக்கு வராத குஞ்சுகளுக்கு எட்டவே கூடாது, சிறுநீரகம் கெடும்.

குறை? இதில் வைட்டமின் டி3 இல்லை. வெயிலே படாமல் அடைத்து வளர்த்தால் தின்ற கால்சியம் உடம்பில் சரியாக ஒட்டாது; அங்கே டி3 கலந்த திரவ கால்சியம் சில நாள் உதவும். சித்திரை வெயிலில் கோழி வாய் திறந்து இரைத்தாலும் ஓடு மெலியும். அதற்குக் குருணை அல்ல, நிழலும் குளிர்ந்த தண்ணீரும்தான். முட்டையே நின்றுபோயிருந்தால் இதை வாங்கிப் பயனில்லை. இறகு உதிர்வையும் பேனையும் முதலில் பாருங்கள்.