பழைய ஜீப்பின் இரைச்சல்: ஓட்டிக் கண்டறிவதா, தூக்கி நிறுத்திக் கண்டறிவதா?

நான்கு சக்கர இயக்கமுள்ள பழைய வண்டியின் அடியில் இரைச்சல் கேட்டால், எந்த வழியில் தேடுவது என்ற தயக்கம் பலருக்கும் உண்டு.

செலவு: ஓட்டிப் பார்க்க எரிபொருள் மட்டும் போதும். தூக்கி நிறுத்த ஜாக்கியும் உறுதியான தாங்கிகளும் வேண்டும்.

துல்லியம்: சுமை ஏறினால் மட்டும் எழும் ஒலி ஓட்டத்தில்தான் வெளிப்படும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் சுருதி மாறும் ஊளை பெரும்பாலும் டிஃபரென்ஷியலை (இடவலச் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுதியை) காட்டுகிறது. வளைவில் ஏறி இறங்கும் முனகல் சக்கர பேரிங்கைச் சுட்டுகிறது. முன்சக்கர ஹப் பூட்டு (சக்கரத்தை முன் அச்சோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும் பூட்டு) உள்ள வண்டியில் இன்னும் நல்ல சோதனை ஒன்று உண்டு: இரு சக்கர இயக்கத்திலேயே ஹப்பைப் பூட்டி ஓட்டும்போது புதிதாக ஒலி எழுந்தால், ஹப் திறந்திருக்கையில் சுழலாத முன் அச்சு, முன் டிஃபரென்ஷியல், முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (டிஃபரென்ஷியலுக்கு விசை கொண்டுசெல்லும் தண்டு) ஆகியவற்றையே முதலில் சந்தேகிக்கலாம். தூக்கி நிறுத்தினால் சுமை இல்லை. ஆனால் யுனிவர்சல் ஜாயின்டின் (அந்தத் தண்டின் வளைந்து கொடுக்கும் இணைப்பின்) தளர்வையும் பேரிங்கின் சொரசொரப்பையும் கையாலேயே உணரலாம்.

பாதுகாப்பு: காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுச் சோதிப்பது பல பழைய வண்டிகளில் பற்சக்கரங்களை இறுக்கிப் புதுச் சத்தத்தை உண்டாக்கும். தாங்கியில் நிற்கும் வண்டியில் எஞ்சினை அணைத்து, சக்கரங்களைக் கையால் சுழற்றுவதே நல்லது.

ஊளைக்கும் முனகலுக்கும் ஓட்டமே பொருந்தும். கியர் மாற்றும்போது விழும் ‘டொக்’ ஒலிக்கும் தாழ்வேகக் கிறீச்சுக்கும் நேராக வண்டியைத் தூக்கிவிடலாம்.