எம்டனின் இரண்டு அதிகாரிகள்: முல்லரா, மியூக்கேயா?

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுக எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். அவருக்கு அடுத்த அதிகாரி ஹெல்முத் ஃபான் மியூக்கே. நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுகளில் இருந்த ஆங்கிலேயரின் தந்தி நிலையத்தை உடைக்க மியூக்கே சுமார் 50 பேரோடு கரையிறங்கியிருந்தார். அந்த நேரம் பார்த்து சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வந்து எம்டனை நொறுக்கிவிட்டது.

முல்லர் கைதானார். மால்டா, அப்புறம் இங்கிலாந்து. 1917இல் தப்பியும் பிடிபட்டார்.

மியூக்கேயோ அங்கே நின்ற ஆயிஷா என்ற ஓட்டைப் பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்! சுமத்ரா, அரேபியா வழியாக 1915 மே மாதம் ஜெர்மனியின் கூட்டாளியான துருக்கியின் கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) போய்ச் சேர்ந்தார்.

சாகசம் என்றால் மியூக்கேதான். ஆனால் பிடித்த வணிகக் கப்பல்களின் மாலுமிகளைப் பத்திரமாக அனுப்பிவைத்த முல்லருக்கே என் ஓட்டு. அவர் 1923இல் இறந்தார். மியூக்கே நாஜிகளோடு சேர்ந்து, விலகி, போர் எதிர்ப்பாளராகி, 1957 வரை வாழ்ந்தார்.