மூன்று வார லீவும் மூன்று மாத மாத்திரையும்

வெளிநாட்டிலிருந்து லீவில் ஊருக்கு வந்து குழந்தைப்பேறு சிகிச்சைக்கு ஏறி இறங்கும் ஆண்கள், திரும்பும்போது பெரும்பாலும் விந்தணுவுக்கான ஆன்டிஆக்சிடென்ட் (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும்) மாத்திரையோடுதான் விமானம் ஏறுகிறார்கள். கோ-கியூ10, கார்னிடைன், லைகோபீன், துத்தநாகம், செலினியம் எல்லாம் ஒரே அட்டையில். லீவில் உருப்படியாகச் செய்ய வேண்டிய வேலைதான் விட்டுப்போகிறது.

முதலில் கணக்கு. விந்தணு உருவாகச் சுமார் 74 நாள். முதிர்ந்து வெளிவர இன்னும் ஓரிரு வாரம். முதல் வாரம் மாத்திரை தொடங்கி மூன்றாம் வாரம் 'கவுண்ட் ஏறிடுச்சு' என்றால் அது மாத்திரையின் வேலை அல்ல. ஒரே ஆளுக்கே டெஸ்டுக்கு டெஸ்ட் எண்ணிக்கை ஏறி இறங்கும். இரண்டு மாதம் முன்பு வந்த கடுங்காய்ச்சல் இன்றைய ரிப்போர்ட்டில் தெரியும்.

விந்துப் பரிசோதனைக்கு, கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். லேப் தரும் டப்பாவில் மட்டும் எடுங்கள். எச்சில், சோப்பு, சாதாரண ஆணுறை எதுவும் படக்கூடாது. முதல் சொட்டுகளில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்தினால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வீட்டில் எடுத்தால் டப்பாவை உடம்போடு ஒட்டி வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் பரிசோதனை தொடங்கும்படி சேர்க்க வேண்டும். கார் ஏசியில் குளிர்ந்தால் அசைவு குறைந்து காட்டும். எடுத்த நேரமும் பார்த்த நேரமும் இல்லாத ரிப்போர்ட்டை நம்பி மருந்து தொடங்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை மில்லிக்கு 1.6 கோடி அணுக்கள், மொத்த அசைவு 42 சதவீதம். அதற்குக் கீழே போனாலே மலடு என்று அர்த்தமில்லை.

மாத்திரைக்குப் பின்னுள்ள காரணம் சரியானதுதான். விந்தணுவின் சவ்வு எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பால் ஆனது. தற்காத்துக்கொள்ளும் நொதிகளும் அதில் குறைவு. புகையும் தொற்றும் வேரிகோசீலும் (விதைப்பையின் ரத்தநாளங்கள் புடைப்பது) இந்த ஆக்சிஜனேற்றத்தைக் கூட்டி அணுவின் டிஎன்ஏவைச் சிதைக்கும். ஆனால் கருமுட்டையைத் துளைக்கத் தயாராகவே அணுவுக்கு ஆக்சிஜனேற்றம் செய்யும் அதே வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் கொஞ்சம் தேவை. முழுக்கத் துடைத்தெடுப்பதும் கெடுதல். 2020-ல் வெளிவந்த மாக்ஸி ஆய்வில் மூன்று மாதம் கூட்டு மாத்திரை சாப்பிட்டும் எண்ணிக்கை, அசைவு, டிஎன்ஏ சிதைவு எதிலும் பலன் இல்லை. அதே ஆண்டு 2,370 தம்பதிகளிடம் நடந்த ஆய்வில் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் குழந்தைப் பிறப்பைக் கூட்டவில்லை. வயிற்று உபாதைதான் கூடியது. சிறு ஆய்வுகளில் நல்ல முடிவுகள் உண்டு, தரம்தான் போதவில்லை.

ஆகவே லீவில் முதலில் ஆண்ட்ராலஜிஸ்ட்டோ (ஆண் இனப்பெருக்க மருத்துவர்) யூராலஜிஸ்ட்டோ (சிறுநீரகப் பாதை மருத்துவர்) நிற்க வைத்துப் பரிசோதிக்கட்டும். வேரிகோசீல் படுத்தால் ஒளிந்துகொள்ளும். காலையில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனான எஃப்எஸ்ஹெச் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை. ஜிம்முக்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டிருந்தால் வாய் திறந்து சொல்லுங்கள். கவுண்டைப் பூஜ்யமாக்குவதே அதுவாக இருக்கலாம். அணுவே இல்லை என்றால் காரணத்தைத் தேட வேண்டும், ஆன்டிஆக்சிடென்ட் எதற்கு?

மருந்து எழுதியே கொடுத்தால், ஏற்கெனவே சாப்பிடும் மல்டிவைட்டமினோடு கூட்டிப் பாருங்கள். துத்தநாகம் நாளுக்கு 40 மில்லிகிராமும் செலினியம் 400 மைக்ரோகிராமும் தாண்டக்கூடாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு அதிக வைட்டமின் ஈ ரத்தக்கசிவைக் கூட்டும். மூன்று மாதம் கழித்து, திரும்பிப் போன இடத்தில் அதே இடைவெளி நாட்களோடு மறுபரிசோதனை. மனைவிக்கு வயது 35 தாண்டியிருந்தால் அந்த மூன்று மாதத்தை மாத்திரைக்காகக் காத்துக் கழிக்காதீர்கள். அவருடைய பரிசோதனைகளையும் இந்த லீவிலேயே தொடங்குங்கள்.